கிளேர் கரையின் அடுப்படி



மொழிச் சிறுபான்மையர் தங்கள் பண்பாட்டை எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சட்டத்திலிருந்து தொடங்கலாம், பள்ளிக்கூடத்திலிருந்தும் தொடங்கலாம். நான் ஒரு சமையற்கட்டிலிருந்து தொடங்குகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

2011-ஆம் ஆண்டுக் கோடை. கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அதன் தென்மேற்குக் கரையில் செந்த்-மரி வளைகுடா. காலை ஆறு மணிக்கு ஊர்ப் பொதுமண்டபத்தின் பின்கட்டில் ஒன்பது பெண்களும் இரண்டு ஆண்களும் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். நான் பன்னிரண்டாவது ஆள். என் கையில் கத்தியைக் கொடுத்த அம்மையாருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். புதுச்சேரியில் வளர்ந்த பழக்கத்தில் அவரை 'மதாம்' என்று விளித்தேன். சமையற்கட்டில் மதாம் யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டு, கிழங்கு மூட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று சமைத்ததற்கு ராப்பூர் என்று பெயர். அந்தக் கரையில் விருந்து என்றால் அதுதான். கிழங்கைத் துருவித் துணிப்பையில் கட்டி, கை வலிக்க வலிக்க முறுக்கிப் பிழிவார்கள். மாவுத் தண்ணீர் சொட்டில்லாமல் வடிய வேண்டும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுவதற்கு முன் அளந்து பார்ப்பார்கள். எத்தனை குவளை வடிந்ததோ அத்தனை குவளை கோழிச்சாற்றைக் கொதிக்கக் கொதிக்கத் திரும்ப ஊற்ற வேண்டும். குறைந்தால் வறண்டு மண்ணாகிவிடும், கூடினால் கூழாகிவிடும். சாறு பட்டதும் சக்கை பளபளவென்று பசைபோலத் திரளும். அதை அகலத் தட்டில் ஒரு அடுக்குப் பரப்பி, நடுவே கோழிக்கறியும் வெங்காயமும் வைத்து, மேலே இன்னோர் அடுக்கு மூடி, மேல்புறம் பொன்னிறமாக முறுகும்வரை சில மணி நேரம் அடுப்பில் வைப்பார்கள். சிலர் அதன்மேல் கரும்புப் பாகை ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

சுவரில் ஓர் ஆணியில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று தொங்கியது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மூட்டை கிழங்கு, எத்தனை கோழி, எத்தனை தட்டு விற்றது, எவ்வளவு மிஞ்சியது, யார் யார் வந்து வேலை செய்தார்கள் என்ற கணக்கு. முன்பக்கங்கள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. எழுதியவர்கள் எல்லாரும் வீட்டில் பிரெஞ்சு மட்டுமே பேசிய பெண்கள். பின்பக்கங்களில் கையெழுத்து மாறுகிறது, மொழியும் பிரெஞ்சாகிறது. பிரெஞ்சு தேய்ந்துவருகிறது என்று எல்லாரும் சொல்லும் ஊரில், ஒரு நோட்டுப் புத்தகம் ஆங்கிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சில் போய்க்கொண்டிருக்கிறதே, இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு விடை காண அந்த மக்களின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்கள் அக்காடியர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்து, ஃபண்டி வளைகுடாவின் சதுப்புநிலங்களுக்குக் கரைகட்டி வயலாக்கியவர்கள். 1755-இல் ஆளுநர் சார்ல்ஸ் லாரன்ஸின் ஆட்சி அவர்களைக் கப்பலேற்றி வெளியேற்றத் தொடங்கியது. அடுத்த எட்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் சிதறடிக்கப்பட்டார்கள். கடலிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். 1764-க்குப் பிறகு, விசுவாசப் பிரமாணம் செய்தால் சிறுசிறு குழுக்களாகத் திரும்பலாம் என்று அனுமதி கிடைத்தது. திரும்பி வந்து பார்த்தால் வயல்களில் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள். மிஞ்சியது பாறையும் காடும் கடற்காற்றும் நிறைந்த இந்தக் கரைதான். 1768-இல் இங்கே முதல் குடும்பம் குடியேறியது. கரையில் குரோஸ் கோக் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 'பெரிய மட்டி' என்று பொருள். முதல் குளிர்காலத்தில் உயிர் காத்தது அந்த மட்டிகள்தான் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர்.

கிளேர் என்பது இந்தக் கரையிலுள்ள நகராட்சிப் பகுதியின் பெயர். ஒரே கடற்கரைச் சாலை, அதன் ஓரத்தில் மணி கோத்ததுபோல் கிராமங்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 8,000. மாகாணம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 30,000 பேர்தான். 1864-இல் வந்த பள்ளிச் சட்டம் ஆங்கிலத்தையே கல்விமொழி ஆக்கியது. அக்காடியப் பள்ளிகளைச் சட்டம் அங்கீகரிக்க 1981 ஆயிற்று. இடையில் நூற்றுப் பதினேழு ஆண்டுகள்! அத்தனை காலமும் பிரெஞ்சு வீட்டிலும் படகிலும் கோயிலிலும் பேசப்பட்டது. எழுத்து என்று வந்தால் ஆங்கிலம்தான். நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் பெண்களுக்குத் தாய்மொழியில் எழுத யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வெளியேற்றத்தின் இருநூறாம் ஆண்டான 1955-இல் கிளேர் மக்கள் ஒரு விழா எடுத்தார்கள். அதுதான் இன்றும் நடக்கும் கிளேர் அக்காடிய விழா. உலகிலேயே பழமையான அக்காடிய விழா என்று பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். அது கோடையில் நடப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அந்தக் கரையின் பிழைப்பு சிங்கி இறால். அதைப் பிடிக்கும் பருவம் நவம்பர் கடைசித் திங்களில் தொடங்கி மே 31-உடன் முடிகிறது. படகுகள் ஓய்ந்து ஆட்கள் கரையில் இருக்கும் காலத்தில்தான் மேசை தூக்கவும் பந்தல் போடவும் கை கிடைக்கும். விழாத் தேதியை யார் நிர்ணயித்தாலும் கைகளின் கணக்கைப் பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். வெளியூர் ஆலோசகர்கள் சுற்றுலாக் கணக்கை முதலில் பார்க்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் அங்கே போனது விழாவுக்காக அல்ல. அங்குள்ள செந்த்-ஆன் பல்கலைக்கழகம் கோடையில் பிரெஞ்சு மொழி முகாம் நடத்துகிறது. முகாம் முடியும்வரை பிரெஞ்சு தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று மாணவர்கள் உறுதிமொழி எடுப்பார்கள். மீறினால் எச்சரிக்கை, மீண்டும் மீண்டும் மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அதில் உதவி ஆசிரியன். மாணவர்களின் வாயிலிருந்து ஆங்கிலம் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. வார இறுதியில் விழா வேலைக்குப் போனேன்.

முதல் வாரம் தொண்டர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். யார் வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்ப்பது, யார் சீட்டுக் கொடுப்பது என்று வேலை பிரித்துக்கொள்ளும் கூட்டம். பதினொரு பேர். அந்தக் கரையின் பிரெஞ்சு நான் புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு அல்ல. வேகமும் தொனியும் சொற்களும் வேறு. அரைமணி நேரம் தத்தளித்துவிட்டு, ஒரு கட்டத்தில், நான் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவ்வளவுதான். பதிலும் ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு அடுத்த பேச்சும், அதற்கு அடுத்ததும் ஆங்கிலத்தில் போயின. யாரும் முடிவெடுத்து மாற்றவில்லை. விருந்தாளிக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம். மிச்சமிருந்த ஒரு மணி நேரமும் அக்காடிய விழாவின் வேலைக்கூட்டம் ஆங்கிலத்திலேயே நடந்தது. எனக்குக் கத்தி கொடுத்த அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் கிழங்கு பிழியும்போது அவரே பேச்சை எடுத்தார். "புரியவில்லை என்றால் திரும்பக் கேள். பத்து தடவை கேள், மெதுவாகச் சொல்கிறோம். எங்களை மாற்றிவிடாதே." கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த துணிப்பையை முறுக்கிக்கொண்டே சொன்னார். மாணவர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுக்கும் நான் செய்த காரியம் அது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு மனம் கூசுகிறது.

நான் இன்று சொல்ல வந்த ஒன்று இங்கேதான் இருக்கிறது. விழாவின் மேடையில் பிரெஞ்சுப் பாட்டு ஒலிப்பதைப் பார்த்து மொழி நன்றாயிருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஒரு பாடகர் வந்து ஒன்றரை மணி நேரம் பாடிவிட்டுப் போவார். ஆனால் அந்த மேடையை நிறுத்துவதற்குப் பத்து மாதம் வேலை நடக்கிறது. நாற்காலி எண்ணுவது, காப்பீட்டுத் தாள், கழிப்பறை வாடகை, மின்இணைப்பு, சில்லறை மாற்றுவது, மழை வந்தால் எங்கே போவது என்ற விவாதம், ஒருவருக்கொருவர் மனத்தாங்கல், சமாதானம். இத்தனையும் எந்த மொழியில் நடக்கிறதோ அதுதான் அந்த விழாவின் மொழி. பிள்ளைக்குப் பிரெஞ்சில் வகுப்பெடுக்கலாம். ஆனால் "அந்த முனையைப் பிடி, தூக்கு, கொஞ்சம் இடப்பக்கம்" என்று பிரெஞ்சில் சொல்லும்படி ஒரு வேலை வேண்டும். பள்ளிக்கு வெளியே அப்படி ஒரு வேலையிடம் சிறுபான்மையருக்கு அபூர்வம். மருத்துவமனை ஆங்கிலம், வங்கி ஆங்கிலம், வண்டிப் பட்டறையும் ஆங்கிலம்தான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் இந்த விழா, பல இளைஞர்களுக்கு வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே தங்கள் மொழியில் உழைக்கக் கிடைக்கும் முதல் இடமாக இருக்கிறது.

இதில் எளிதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கலப்பு மணங்கள் அங்கே ஏராளம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மருமகன்களும் மருமகள்களும் விழாவை உயிராக நேசிக்கிறார்கள். மழையில் நின்று கூடாரம் கட்டுகிறவர்களில் பலர் அவர்கள். அவர்களை ஒதுக்குவது அநியாயம் மட்டுமல்ல, ஊர் உடையும். அதே சமயம் அவர்களில் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்தாலே எல்லாரும் மொழி மாறிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பலன் தந்த வழி இது: கூட்டம் பிரெஞ்சிலேயே நடக்கும், தெரியாதவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காதோடு சொல்வார், அவர் ஆங்கிலத்தில் கேட்கலாம், பதில் பிரெஞ்சில் வரும். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இரண்டு கோடை போனால் அந்த மருமகனுக்கு மேசை, கம்பி, கயிறு, நாளை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பிரெஞ்சில் புரியத் தொடங்கிவிடும்.

அந்தக் கரையின் பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விழாக்களின் உயிரை எடுக்கும் வெட்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. உள்ளூரார் அதை அக்காஜோன் என்கிறார்கள். பிரான்ஸில் வழக்கொழிந்த பழைய வடிவங்கள் அதில் உயிரோடிருக்கின்றன. 'நாங்கள் பேசுகிறோம்' என்பதற்கு அங்கே 'நான்' என்ற சொல்லோடு 'ஓம்' விகுதியைச் சேர்ப்பதுபோல் சொல்வார்கள்: நான் பேசுகிறோம், நான் வைத்திருக்கிறோம். பாடப்புத்தகம் இதைப் பிழை என்கிறது. எனக்கு அது, துரத்தப்பட்டுத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு கூட்டத்தின் இலக்கணமாகவே காதில் விழுந்தது. ஆனால் 'உங்கள் பிரெஞ்சு மோசம்' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள், வெளியூர்ப் பிரெஞ்சுக்காரர் முன்னால் வாயை மூடிக்கொள்கிறார்கள், அல்லது ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். 1990-இல் அங்கே தொடங்கிய சிஃபா சமூக வானொலி அக்காஜோனில் பேசியபோது, இந்த மொழியையா காற்றில் விடுவது என்று உள்ளூரிலேயே பெரிய விவாதம் எழுந்தது. பிறகு காலம் மாறியது. அந்தக் கரையில் பிறந்த ஜார்ஜெட் லெபிளாங் 2006-இல் 'ஆல்மா' என்ற கவிதை நூலை அந்தப் பேச்சிலேயே எழுதினார். 2018-இல் கனடா நாடாளுமன்றத்தின் அரசவைக் கவிஞரானார். அதே கரையின் ப்தி பெலிவோ அந்த மொழியில் பாடி வெளி மாகாணங்களிலும் ரசிகர்களைச் சேர்த்திருக்கிறார். விழா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள், ஒலிபெருக்கியை எடுத்து அறிவிப்புச் செய்ய ஊர்க்காரரையே விடுங்கள், அவர் பேசுகிறபடியே பேச விடுங்கள். திருத்தமான மொழிக்காக வெளியிலிருந்து அறிவிப்பாளரைக் கொண்டுவந்தால் அடுத்த ஆண்டு தொண்டுக்கு வரும் ஆட்கள் குறைவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். சீட்டு வசூலும் சாப்பாட்டு வசூலும் போதாது. நகராட்சி கொஞ்சம், உள்ளூர்க் கடைகள் கொஞ்சம், மீதி மாகாண, மத்திய அரசுகளின் மானியம். கனடாவின் மத்தியப் பாரம்பரியத் துறை உள்ளூர் விழாக்களுக்கென்று ஒரு மானியம் வைத்திருக்கிறது. தொண்டர்கள் உழைப்பதையும், நகராட்சி பணமாகவோ பொருளாகவோ துணை நிற்பதையும் காட்டினால்தான் அது கிடைக்கும். நல்ல நிபந்தனை. கஷ்டம் எங்கே என்றால், விண்ணப்பத்தை நிரப்புவதில். வரவுசெலவுத் திட்டம், செயல் அறிக்கை, கெடுத் தேதி. பெரும்பாலான விழாக்களில் இதைத் தெரிந்தவர் ஒரே ஒருவர் இருப்பார். அவர் நோய்வாய்ப்பட்டாலோ வேறு ஊருக்குப் போனாலோ, கடவுச்சொல் முதற்கொண்டு அவரோடு போய்விடும். ஒரு விழா நின்றுபோனது என்று கேள்விப்பட்டால், மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விசாரித்தால் பல சமயம் பின்னால் ஒரே ஒரு மனிதரின் களைப்புதான் இருக்கும்.

மானியம் கொஞ்சம் கூடியதும் ஓர் ஆசை வரும். எல்லாவற்றையும் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாமே, நாமும் மற்றவர்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாமே! நியாயமான ஆசைதான், முப்பது ஆண்டு தட்டுக் கழுவியவர்களின் ஆசை. என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒலி, மின்சாரம், கணக்குத் தணிக்கை, காப்பீடு ஆகியவற்றுக்குக் காசு கொடுத்து ஆள் வையுங்கள். தவறினால் உயிருக்கோ சட்டத்துக்கோ ஆபத்து. சமையற்கட்டையும் வாசலையும் ஒலிபெருக்கியையும் விற்காதீர்கள். அவற்றை விற்றால் விழா நேர்த்தியாக நடக்கும்; ஆனால் ஊருக்கு அதில் பார்வையாளர் வேலை மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் அது பிரெஞ்சுப் பாட்டு உள்ள ஒரு கச்சேரி.

கட்டடங்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். கிளேரின் செந்த்-மரி தேவாலயம் 1903-க்கும் 1905-க்கும் இடையே ஊர்க்காரர்களின் உழைப்பால் எழுந்தது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய மரத் தேவாலயம் என்று பெயர் பெற்றது. கோபுரம் 56 மீட்டர். கடற்காற்றில் ஆடாதிருக்க அதன் அடியில் 40 டன் கல்லைப் பாரமாக வைத்தார்கள். அதைப் பழுதுபார்க்கப் பல மில்லியன் டாலர் தேவைப்பட்டது. 8,000 பேர் கொண்ட ஊரால் அதைத் திரட்ட முடியவில்லை. 2019-க்குப் பிறகு அங்கே வழிபாடு இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது கலங்கிப்போனேன். ஆனாலும், அதே ஊரின் விழா நடந்துகொண்டிருக்கிறது. விழாவுக்குச் சொந்தமாகக் கூரை இல்லை. மண்டபத்தையும் துறைமுக மேடையையும் பல்கலைக்கழக மைதானத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சொத்தில்லாமல் இருப்பது சில சமயம் பலம்.

கட்டடம் சுமையாவதை மேற்கே மனிடோபா மாகாணத்திலும் பார்க்கலாம். வினிபெக் நகரின் பிரெஞ்சுப் பகுதியான சேன் போனிஃபாஸில் 1970 முதல் பிப்ரவரிப் பனியில் ஃபெஸ்திவால் து வொயாஜர் நடக்கிறது. முற்காலத்தில் தோல் வாணிகப் படகுகளைத் துடுப்புப் போட்டு ஓட்டிய பிரெஞ்சுக்காரர்களின் நினைவாக. அதன் மையம் 1978-இல் மரத்தால் திரும்பக் கட்டிய ஜிப்ரால்டர் கோட்டை. 2023 மே 31 அன்று அந்தக் கோட்டையின் உயர்ந்த நடைபாதை இடிந்து, சுற்றுலா வந்த 17 பள்ளிக் குழந்தைகளும் ஒரு பெரியவரும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மரம் மக்கும், அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க ஆளும் காசும் வேண்டும்.

அந்த விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஃபோரேயை நான் வணங்குகிறேன். 1976-இல் அவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட ஐந்து டாலர் வாகன அபராதச் சீட்டு வந்தது. பிரெஞ்சிலும் தர வேண்டும் என்று நீதிமன்றம் போனார். 1979 டிசம்பர் 13 அன்று கனடா உச்ச நீதிமன்றம், மனிடோபாவில் ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1890-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது. எண்பத்தொன்பது ஆண்டு அநீதி ஐந்து டாலர் சீட்டில் அவிழ்ந்தது. விழா வெறும் ஆட்டம் பாட்டம் என்று நினைப்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

கிளேரிலும் நீதிமன்றக் கதை உண்டு. 1982-இன் உரிமைச் சாசனம் சிறுபான்மை மொழியில் கல்வியை உரிமையாக்கியது. ஆனாலும் முழுப் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளிகள் வரவில்லை. கிளேர் உள்ளிட்ட ஐந்து பகுதிப் பெற்றோர் வழக்குத் தொடுத்து 2000-இல் வென்றார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி, பள்ளி வேலை முடிகிறதா என்று அரசைத் திரும்பத் திரும்ப வரவழைத்துக் கேட்டது சரியே என்று 2003-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சி எதிர்த்த அக்காடியப் பெற்றோரும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பள்ளிகளில் படித்த தலைமுறைக்குப் பிரெஞ்சு எழுத வரும். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்கள் பிரெஞ்சானது இப்படித்தான். பாட்டிக்குப் பேச்சு மட்டும், எழுத்து இல்லை. பேத்திக்கு எழுத்து உண்டு. தோழியரோடு பேசுவது ஆங்கிலம். இருவரும் ஒரே மேசையில் வேலையாகச் சேரும் இடம் விழாவின் சமையற்கட்டு.

அந்தப் பேத்தியைத் தக்கவைப்பதுதான் கடினம். பதினெட்டு வயதானால் ஹாலிஃபாக்ஸுக்கோ மாங்டனுக்கோ ஆல்பர்ட்டாவுக்கோ போய்விடுகிறார்கள். இருப்பவர்களோ வயதானவர்கள். எந்தச் சங்கத்தில் பார்த்தாலும் "துழூர் லே மெம்" என்பார்கள்; எப்போதும் அதே ஆட்கள். ராப்பூர் செய்த கைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிழிந்த அளவுக்குச் சுடச்சுடத் திரும்ப ஊற்றாவிட்டால் சக்கை சக்கைதான்; ஆட்களும் அப்படித்தான். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போடுவதை அந்த ஊற்றலாக நான் எண்ணவில்லை. நான் சொல்லும் ஊற்றல் வேறு: மூன்றாண்டு உழைத்தவருக்கு நான்காம் ஆண்டு ஓய்வு. வந்தால் விருந்தாளியாக வா என்று சொல்லும் ஏற்பாடு. வேலை முடிந்ததும் தொண்டர்களுக்கென்று தனியாக ஒரு சாப்பாடு, அன்றைக்கு வேறு யாராவது சமைப்பது. 2024 ஆகஸ்டில் கிளேரும் பக்கத்து ஆர்கைல் பகுதியும் உலக அக்காடிய மாநாட்டை நடத்தின. உலகமெங்கும் சிதறியவர்களின் வாரிசுகள் வந்து கூடும் மாநாடு அது. அவ்வளவு பெரிய வேலைக்குப் பின் வரும் ஓரிரு ஆண்டுகளில்தான் சிறிய விழாக்களுக்குக் கண்டம், கைகள் ஓய்ந்திருக்கும். அப்போது நிகழ்ச்சியைப் பாதியாகக் குறைத்தால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எவ்வளவு குறைத்தாலும் ஒன்றை விடமாட்டார்கள்: தந்தமார். ஆகஸ்ட் 15 அக்காடியர்களின் தேசிய நாள். அன்று மாலை தகரம், வாளி, சட்டி, கரண்டி, ஊதல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓசை எழுப்பிக்கொண்டே நடப்பார்கள். 1955-இல் மாங்டனில் வெளியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு நினைவாக அது நடந்தது. 1979-இல் கராக்கெட் நகரத்து அக்காடிய விழா அதை மறுபடி எடுத்து ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக்கியது. இதற்கு மேடை வேண்டாம், சீட்டு வேண்டாம், பாடகருக்குச் சம்பளம் வேண்டாம். ஓசையின்றி அழிக்கப் பார்த்தார்கள், நாங்கள் இருக்கிறோம் என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். நானும் ஒரு தட்டைத் தட்டிக்கொண்டு நடந்தேன். என்னருகே ஒரு குழந்தை தகப்பன் தோளில் உட்கார்ந்து, இரண்டு மூடிகளை மோதிக்கொண்டே வந்தது. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனால் பொத்த மனம் வரவில்லை.

புதுச்சேரியில் என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஜூலை 14 அன்று மெடல்களை மாட்டிக்கொண்டு கடற்கரை நினைவுத்தூணுக்குப் போவார், என்னையும் கூட்டிப்போவார். அங்கே நாற்காலி போட்டது யார், மாலை வாங்கியது யார், அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கிளேருக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்விகள் எனக்கு வந்தன. அதற்குள் தாத்தா இல்லை.

கடைசி நாள் இரவைச் சொல்லி முடிக்கிறேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. தரை கழுவிய ஈரம். அந்த அம்மையார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆணியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பதினாலு வயதிருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தார். தட்டுத் துடைக்க வந்த பெண். அதுவரை தன் தோழியோடு ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தாள். அம்மையார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூட்டை இத்தனை, கோழி இத்தனை. ஒரு வாக்கியம் 'நான் வைத்திருக்கிறோம்' என்று வந்தது. பேனா நின்றது. பள்ளியில் அப்படி எழுதினால் சிவப்பு மையில் அடிப்பார்கள், இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

"தெரியாதே," என்றார் அம்மையார். "நான் எழுதினதே இல்லை."

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, காதில் விழுந்தபடியே எழுதினாள். அம்மையார் எட்டிப் பார்த்தார். அந்த வரியின்மேல் விரலை வைத்து மெதுவாக ஒருமுறை படித்தார். பிறகு, இந்த வருஷம் கிழங்கு போதவில்லை, அடுத்த வருஷத்துக்கு நாலு மூட்டை கூடப் போடு என்று சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.